ராணி ரூபாயை எடைக்குப் போடாதீர்கள்

விக்டோரியா ராணியின் தலை போட்ட வெள்ளி ரூபாயைப் போல மனத்தை மயக்குகிற பொருள் வேறு இல்லை என்று யாரோடு வேண்டுமானாலும் வாதாட நான் தயார். தங்கம் கண்ணைப் பறிக்கும், அவ்வளவுதான். வெள்ளி ரூபாய் பேசும். உள்ளங்கையில் வைத்தால் ஒரு திடமான கனம். கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சுண்டினால் 'ணங்' என்று எழுந்து, உடனே அடங்காமல் இழுத்துக்கொண்டே போகும் அந்த நாதம்! அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றைய எஃகுக் காசு எழுப்புவதை ஓசை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் அந்த முகம். 1840ஆம் வருஷத்து ரூபாயில் ராணி இளம்பெண்; கூந்தலை அள்ளிப் பின்னால் முடிந்திருக்கிறாள், தலையில் கிரீடம் இல்லை. 1862இல் கிரீடம் வந்துவிடுகிறது, தோளில் பூவேலை செய்த அங்கியும் வந்துவிடுகிறது. ஒரு பெண் அரசியாவதை இரண்டு காசுகளை அடுத்தடுத்து வைத்தே பார்த்துவிடலாம்.

எங்கள் பழையசீவரம் பக்கத்தில் இந்தக் காசுக்குப் பஞ்சமே இல்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் இது. அக்கரையில் திருமுக்கூடல், இக்கரையில் மலைமேல் லட்சுமி நரசிம்மர். நெல் விளைந்த மண். நெல் விளைந்தால் வரியும் உண்டு. செங்கல்பட்டுச் சீமை 1763இலேயே ஆற்காட்டு நவாபிடமிருந்து ஜாகீராகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. முதலில் எல்லாம் பொன் வராகன் கணக்கு. 1818இல் சென்னை மாகாணத்துக்கு வெள்ளி ரூபாயே நிலையான பணம் என்று ஆனது. மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன். அதற்குப் பிறகு கிஸ்தி கட்டுவதும், மாடு வாங்குவதும், சீர் வைப்பதும் ரூபாயில்தான். கிஸ்தி போக மிஞ்சியதைப் போட்டுவைக்க வங்கி ஏது? கலயத்தில் போட்டு அடுப்படியில் புதைத்தார்கள். பத்தரிடம் கொடுத்துக் காது வைத்து மாலையாகக் கோத்தார்கள். ஆயாக்களின் சுருக்குப் பையில் கிடந்தவை மெல்ல மெல்லப் பூஜையறைக்குப் போய்க் கலசத்துக்குள் உட்கார்ந்துகொண்டன. இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன, மஞ்சளும் குங்குமமும் அப்பிக்கொண்டு.

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்காக எங்கள் மலைக்கு எழுந்தருளுவார். ஊர் முழுக்கச் சொந்தக்காரர்கள். எனக்கு அன்றைக்கு இரட்டைத் திருவிழா! பெருமாளைச் சேவித்த கையோடு சட்டைப் பையில் லென்சும் சின்ன மின்தராசுமாகக் கிளம்பிவிடுவேன். "பெரியம்மா, உங்க வீட்டு சாமி அலமாரியில ராணி காசு இருக்குதா?" என்று கேட்டால் போதும். "இருக்குதுப்பா, எங்க மாமியார் குடுத்துட்டுப் போனது. இரு, எடுத்தாறேன்" என்று முந்தானையில் துடைத்தபடி கொண்டுவருவார்கள். துடைக்க வேண்டாம், துடைக்க வேண்டாம் என்று நான் பதறுவேன். ஏன் பதறுகிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எடை. ஒரு ரூபாய் என்பது 180 கிரெய்ன்; இன்றைய கணக்கில் 11.66 கிராம். சரியாக ஒரு தோலா. பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. சுத்த வெள்ளி மட்டும் 10.69 கிராம். இந்தக் கணக்கு நாணயக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். நம் சித்த வைத்தியக் குறிப்புகளில் 'சுக்கு ஒரு ரூபாய் எடை, மிளகு அரை ரூபாய் எடை' என்று வருகிறதே, அது இந்த ரூபாய்தான். மூன்று ரூபாய் எடை ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. கடைக்காரரிடம் படிக்கல் இல்லாவிட்டால் காசையே தட்டில் போட்டு நிறுத்துவிடலாம். பணமே படிக்கல்லாகவும் இருந்த காலம்! நாட்டு வைத்தியர் வீடு ஒன்றில், மருந்து நிறுப்பதற்கென்றே தனியாக எடுத்துவைத்திருந்த 1862ஆம் வருஷத்து ரூபாயைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓரமெல்லாம் மழுங்கி, ராணியின் மூக்கு தேய்ந்து, விலையென்று பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தேறாத காசு. எனக்கு அது பொக்கிஷம்.

இனி காசைப் படிக்கத் தொடங்கலாம். ஆமாம், படிக்கத்தான் வேண்டும்! 1835ஆம் ஆண்டின் 17ஆவது சட்டம் வருகிற வரைக்கும் கல்கத்தாவுக்கு ஒரு ரூபாய், பம்பாய்க்கு ஒரு ரூபாய், சென்னைக்கு ஓர் ஆற்காட்டு ரூபாய் என்று இருந்தது. அந்த ஆற்காட்டு ரூபாயில் பொறித்திருப்பது முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயர். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகும் அவர் பெயரிலேயே சென்னைத் தங்கசாலை அடித்துக்கொண்டிருந்தது. 1835இல் கம்பெனிச் சீமை முழுமைக்கும் ஒரே ரூபாய். ஒரு பக்கம் நான்காம் வில்லியம் மன்னர். மறுபக்கம் இலைவளையத்துக்குள் 'ஒன் ருப்பீ', பாரசீகத்தில் 'யக் ரூபியா', சுற்றிலும் கம்பெனியின் பெயர். மன்னரின் கழுத்து வெட்டுப்பட்ட இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சிலதில் 'ஆர் எஸ்', சிலதில் 'எஃப்', சிலதில் ஒன்றுமே இருக்காது. அந்த 'எஃப்' கல்கத்தா அச்சுச்சாலைத் தலைவர் ஃபோர்ப்ஸ். தன் பெயரின் முதலெழுத்தை மன்னரின் கழுத்தடியில் நுழைத்துவிட்ட மனிதர்!

1840இல் இன்னும் சுவாரசியம். 'விக்டோரியா குயீன்' என்கிற எழுத்து தலையைச் சுற்றி ஒரே தொடராகப் போகிறதா, தலைக்கு இருபுறமும் பிரிந்து நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு மறுபக்கத்து இலைவளையத்தில் உள்ள பழங்களை எண்ண வேண்டும். பத்தொன்பதா, இருபதா, இருபத்தெட்டா? ஒரு பழம் கூடினால் வேறு அச்சு, வேறு வகை, சில சமயம் வேறு விலை. ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து அரிசிமணியிலும் சின்னதான வெள்ளிப் பழங்களை எண்ணுகிற சுகத்தை எப்படிச் சொல்லி விளங்கவைப்பேன்!

1862 ரூபாய்தான் எல்லோர் வீட்டிலும் இருப்பது. இதில் ஒரு பெரிய ரகசியம் உண்டு. 1862 என்று போட்ட காசு அந்த வருஷம் மட்டும் அடித்ததல்ல. அந்த ஆண்டெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு 1874 வரை அடித்துத் தள்ளினார்கள். அப்படியானால் எந்த வருஷத்துக் காசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பம்பாய் அச்சுச்சாலைக்காரர்கள் ஆண்டெழுத்துக்கு மேலும் கீழும் நுண்ணிய புள்ளிகளை வைத்து வருஷத்தைக் குறித்தார்கள். புள்ளிகள் கூடக் கூட வருஷம் ஏறும். நம் கண்ணுக்கு அழுக்கு என்று தோன்றுவது உண்மையில் நாட்காட்டி! அதோடு ராணியின் அங்கியில் முன்பட்டை எத்தனை கட்டமாக முடிகிறது, மறுபக்கத்தில் மேற்பூவின் இதழ் நீண்டு வளைகிறதா, குட்டையாக நிற்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே '1862'க்குள் டஜன் கணக்கில் வகைகள் பிரிகின்றன. நம் சென்னை அச்சுச்சாலையும் இந்த ராணி ரூபாயை அடித்திருக்கிறது. 1869இல் அதை மூடிவிட்டார்கள். ஜார்ஜ் டவுனில் தங்கசாலைத் தெரு மட்டும் மிச்சம்.

1877இலிருந்து 'குயீன்' போய் 'எம்ப்ரஸ்' வருகிறது. அதன் பிறகு ஒவ்வொரு காசிலும் உண்மையான ஆண்டு இருக்கும். கீழ்ப்பக்கப் பூவேலைக்குள் 'பி' இருந்தால் பம்பாய். 1893 வரை வரிசையாக வந்து, திடீரென்று அறுந்துபோகிறது. அடுத்து 1897தான். அந்த அறுபட்ட இடம் இருக்கிறதே, அங்கேதான் எங்கள் பாலாற்றங்கரைக் காசு அமெரிக்காவோடு கைகோக்கிறது.

இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் குரல் உயர்ந்துவிடும். அமெரிக்காவில் நெவாடா மாநிலச் சுரங்கங்களிலிருந்து வெள்ளி வெள்ளமாக வந்தது. சுரங்க முதலாளிகளைத் திருப்திப்படுத்த 1878இல் ஒரு சட்டம் போட்டு, மாதம் குறைந்தது இருபது லட்சம் டாலருக்கு வெள்ளி வாங்கிக் காசாக அடிக்கத் தொடங்கியது அந்த அரசாங்கம். அப்படி வந்ததுதான் மார்கன் டாலர். ஜார்ஜ் மார்கன் என்ற செதுக்குக் கலைஞர், ஃபிலடெல்ஃபியாவில் ஆசிரியையாக இருந்த ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சுதந்திர தேவியைச் செதுக்கினார். மறுபக்கம் சிறகு விரித்த கழுகு. 26.73 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சியில் அதை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது என் விரல் நடுங்கிற்று. என்ன கனம்! என்ன கம்பீரம்!

வெள்ளி பெருகப் பெருக உலகச் சந்தையில் அதன் விலை விழுந்தது. நம் ரூபாயின் மதிப்பும் கூடவே விழுந்தது. அதுவரை யார் வேண்டுமானாலும் வெள்ளிக் கட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்து ரூபாயாக அடித்து வாங்கலாம். 1893 ஜூன் 26ஆம் தேதி அந்தக் கதவைச் சாத்தியது இந்திய அரசாங்கம். வெள்ளி விலை இன்னும் சரிந்தது. அதே வருஷம் நவம்பரில் அமெரிக்காவும் வெள்ளி வாங்குவதை நிறுத்தியது. 1893இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் அடித்த மார்கன் டாலர் ஒரே ஒரு லட்சம். இன்றைக்கு அந்த வரிசையில் எல்லோரும் ஏங்குவது அதற்குத்தான். தேய்ந்துபோன காசுக்கே ஆயிரக்கணக்கான டாலர் கேட்கிறார்கள். நம் வீட்டுப் பூஜையறையில் 1893க்கும் 1897க்கும் நடுவே ராணி ரூபாய் இல்லாமல் போனதற்கும் அங்கே அந்த டாலர் அரிதானதற்கும் பின்னால் இருப்பது ஒரே வெள்ளிப் பிரச்சினை!

கதை அதோடு முடியவில்லை. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு. காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி கொடு என்று மக்கள் வரிசையில் நின்றார்கள். 1917 நவம்பரில் ஒரு ரூபாய் நோட்டே அதனால்தான் பிறந்தது. பிரிட்டன் அமெரிக்காவிடம் கையேந்தியது. 1918 ஏப்ரலில் செனட்டர் பிட்மேன் கொண்டுவந்த சட்டத்தின்படி, கஜானாவில் மூட்டை மூட்டையாகக் கிடந்த வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். 27 கோடிக்கும் மேல்! அதில் 25 கோடியே 91 லட்சம் டாலரின் வெள்ளி இந்தியாவுக்கென்று விற்கப்பட்டது. ஒரு டாலரின் வெள்ளியில் இரண்டேகால் ரூபாய் அடிக்கலாம். ஆக ஏறத்தாழ 58 கோடி ரூபாய்க்கான வெள்ளி. பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மார்கன் டாலர்கள். எந்த ஆண்டுக் காசு எத்தனை உருகியது என்று யாரும் கணக்கெழுதவில்லை. அதனால்தான் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இன்றுவரை மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அத்தனை சுதந்திர தேவியும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஐந்தாம் ஜார்ஜாக மறுபிறவி எடுத்தார்கள். உங்கள் வீட்டில் 1918 அல்லது 1919 என்று போட்ட ஜார்ஜ் ரூபாய் இருந்தால், அதில் நெவாடாவின் வெள்ளி கலந்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. கீழே தாமரைக்கு அடியில் ஒரு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. இப்போதே போய்ப் பாருங்கள்!

அமெரிக்கக் கண்டத்து வெள்ளி இந்தியாவுக்கு வந்தது அதுதான் முதல்முறை என்றும் நினைத்துவிட வேண்டாம். 1807, 1808 வாக்கில் சென்னை அச்சுச்சாலை அரை வராகன், கால் வராகன் என்று வெள்ளிக்காசுகள் அடித்தது. ஒரு பக்கம் கோபுரம், சுற்றிலும் நட்சத்திரங்கள். மறுபக்கம் பெருமாள், சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. கம்பெனிக்காரன் அடித்த வெள்ளியில் கோபுரமும் தமிழும்! மெக்சிகோவிலும் பொட்டோசியிலும் வெட்டியெடுத்த வெள்ளியில் அடித்த ஸ்பானிய டாலர்களின் மேலேயே இந்த அச்சைப் போட்ட அரை வராகன்களும் உண்டு. கோபுரத்துக்கு அடியில் ஸ்பெயின் மன்னரின் எழுத்து மங்கலாகத் தெரியும். இந்தியாவில் அடித்த காசுகளிலேயே இதைவிட அழகானது இல்லை என்பது என் தீர்ப்பு.

சரி, விலை. எல்லோரும் கேட்பது அதைத்தான். அடிமட்ட விலையை யாரும் கணக்குப் போட்டுவிடலாம்: 10.69 கிராமை அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அதற்கு மேலே போவது மூன்று சங்கதிகளைப் பொறுத்தது: என்ன வகை, எவ்வளவு தேய்மானம், யாராவது கை வைத்துக் கெடுத்திருக்கிறார்களா. தேய்மானத்தை ராணியின் கன்னம், புருவம், காதுக்கு மேலே வரும் முடி, கிரீடத்தின் விளிம்பு ஆகிய இடங்களில் பார்க்க வேண்டும். மேடான இடம்தான் முதலில் மழுங்கும். அமெரிக்கர்கள் இதற்கு எழுபது மதிப்பெண் வைத்து அளக்கிறார்கள். அந்த அளவுகோலைத்தான் இன்று மும்பை, பெங்களூர் ஏலக்காரர்களும் பின்பற்றுகிறார்கள். 1862, 1900, 1901 எல்லாம் மலிந்தவை. 1897 கிடைத்தால் விடாதீர்கள். காது வைத்துப் பற்றவைத்ததோ, துளை போட்டதோ, முலாம் பூசியதோ என்றால் சந்தை விலை பாதாளத்துக்குப் போய்விடும். நோட்டக்காரர்கள் வெள்ளி நல்லதா என்று பார்க்கக் குத்திய சின்னச் சின்ன உளிக்குறிகளையும் குறையாகத்தான் எண்ணுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் குறி, அந்தக் காசு கடைவீதியில் வாழ்ந்தது என்பதற்குச் சாட்சி.

கதைக்கும் விலை உண்டு. 1804 என்று ஆண்டு போட்ட அமெரிக்க டாலரை உண்மையில் 1834இல்தான் அடித்தார்கள், மஸ்கட் சுல்தானுக்கும் சயாம் மன்னருக்கும் பரிசாகக் கொடுக்க. பிற்பாடு அடித்தவற்றையும் சேர்த்து உலகத்தில் இருப்பது மிகச் சிலவே. சுல்தானுக்குப் போனது என்று சொல்லப்படுகிற காசு 2021இல் 76 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. வெள்ளிக்கா அந்த விலை?

இப்போது அந்தப் பதற்றத்துக்கு வருகிறேன். காசைத் தேய்க்காதீர்கள்! புளி வேண்டாம், விபூதி வேண்டாம், பல்பசை வேண்டாம், பத்தரிடம் கொடுத்து மெருகும் வேண்டாம். நூறு வருஷத்துக்கு மேல் காற்றுப் பட்டுப் படிந்த அந்தச் சாம்பல் நீலக் கருமைதான் காசின் உயிர். அதைத் தேய்த்தெடுத்தால் மேல்தோலும் சேர்ந்து போகும். லென்சில் பார்த்தால் கோடுகோடாகக் கீறல் தெரியும். ஒரு நொடியில் பாதி விலை போய்விடும், திரும்ப வராது. ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். மலிவான பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைத்தால் பச்சைப் பிசுபிசுப்பு ஏறும். அட்டைச் சட்டத்தில் வையுங்கள்.

ஏமாற்றுக்காரர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. அரிசியை இழுக்கும் காசு, 1616, 1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகம் பொறித்த கம்பெனிக் காசு, கோடி ரூபாய் விலை என்று எவனாவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். கம்பெனி அப்படியொரு காசை அடித்ததே இல்லை. பழைய நாணயம் வாங்குகிறோம் என்று தன் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது. போலி ராணி ரூபாயும் ஏராளம். காந்தத்தில் ஒட்டினால் போலி. எடை 11.66ஐவிட்டு ரொம்ப விலகினால் சந்தேகப்படுங்கள். ஓரத்து வரிகள் ஒரே சீராக இருக்க வேண்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். நிலத்தில் தோண்டும்போது கலயம் கிடைத்தால் அது புதையல்; 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். நூறு வருஷம் தாண்டிய காசு தொல்பொருள். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குப் பார்சலில் அனுப்பவும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. கோடை விடுமுறையில் பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நாணயப் பகுதியைக் காட்டுங்கள். 1885இல் அதன் பொறுப்பை ஏற்ற எட்கர் தர்ஸ்டன், கம்பெனி நாணயங்களைப் பற்றித் தனி நூலே எழுதியவர்.

காஞ்சிபுரத்தில் பழைய பட்டுப்புடவையை ஜரிகை வெள்ளிக்காக வாங்கி எரிக்கிறார்கள். ராணி ரூபாயும் அதே வழியில் கொலுசாகவும் அரைஞாணாகவும் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் ஒன்றாவது இருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், ஆண்டைப் பாருங்கள், புள்ளியைத் தேடுங்கள். பிறகு ஒரு சின்னத் தாளில் அது யார் கொடுத்தது, எந்தக் கல்யாணத்தில் வந்தது, எந்த ஊர் என்று எழுதிக் காசோடு சேர்த்து வையுங்கள். தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.